கேட்ட அன்றே கொடுத்தவள்

ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் சிவமலரைத் தெரியாத தமிழ்க் குடும்பம் ஒரு காலத்தில் இருக்கவில்லை. கலியாண மண்டபத்துக்குள் அவள் வந்தால் முன்வரிசையில் யாராவது எழுந்து கதிரையை இழுத்து விடுவார்கள். மருத்துவமனைச் சமையலறையில் தட்டுக் கழுவுகிற பெண்ணுக்கு அந்த மரியாதை எப்படி வந்தது என்று வெளியூரார் கேட்டால், "மலரக்காதானே எங்கடை பாங்க்" என்று சிரிப்பார்கள். அந்தச் சொல் அவளுக்குப் பிடிக்கும். அதற்காகவே பின்னால் அவள் கஷ்டம் அனுபவித்தாள்.

தொண்ணூற்றொன்றில் அகதியாக வந்தவள். வந்த காலத்தில் எல்லாரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீட்டிக்கும் வதிவிடத் தாளைத்தான் கையில் வைத்திருந்தார்கள். அந்தத் தாளைப் பார்த்து எந்த வங்கியும் ஐந்நூறு மார்க் கடன் கொடுக்காது. துப்புரவு வேலை செய்த பத்துப் பெண்கள் சேர்ந்து சீட்டுப் பிடிக்கத் தொடங்கினார்கள். மாதம் நூறு மார்க். அதிகக் கழிவு விட்டுக் கேட்பவருக்கு அந்த மாதத்துச் சீட்டு. சீட்டை நடத்தும் தாச்சி சிவமலர். ஆள் கட்டாவிட்டால் தாச்சிதான் கட்ட வேண்டும். அவள் இரண்டு தடவை தன் தாலிக்கொடியை அடகு வைத்துக் கட்டியிருக்கிறாள், ஒருவரிடமும் சொல்லாமல்.

பிறகு சீட்டு எடுத்தவர்கள் காசை வீட்டுக்குக் கொண்டுபோகப் பயந்தார்கள். சிலருக்குப் புருசனின் குடி. சிலர் சமூக உதவிப் பணத்தில் இருந்தவர்கள். வங்கியில் போட்டால் உதவி தரும் அலுவலகம் கண்டுவிடும். "அக்கா, நீங்களே வைச்சிருங்கோ, தேவையெண்டால் வாங்கிறன்" என்றார்கள். அவள் வைத்துக்கொண்டாள். சும்மா வைத்திருக்கிற காசுக்கு நூற்றுக்கு மூன்று வட்டி கொடுத்தாள். அதைக் கொடுப்பதற்காக, கடை போடுகிறவர்களுக்கும் வாகனம் வாங்குகிறவர்களுக்கும் நூற்றுக்கு ஆறுக்குக் கொடுத்தாள். கணவன் இதயம் நின்று இறந்த வருடத்தில்கூட ஒரு தவணை தவறவில்லை.

மகள் ஆரணி வரி ஆலோசகர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே சொன்னாள்: "அம்மா, இது சீட்டு இல்லை. இது பாங்க். பாங்க் நடத்த இஞ்சை அனுமதி வேணும்."

"நான் ஆரையாவது ஏமாத்தினனானோ?"

"அது கேள்வியே இல்லையம்மா."

சிவமலர் மகளைப் பார்த்துச் சிரித்தாள். படித்த பிள்ளை, ஊர் தெரியாது என்று நினைத்தாள்.

அவள் வெள்ளை மனசுக்காரி என்று சொல்லிவிட முடியாது. லவினியா என்ற இளம்பெண் இரண்டு மாதம் சீட்டுத் தவணை பிந்தியபோது, ஒரு சாமத்தியச் சடங்கு மண்டபத்தின் வாசலில், பரிசுப் பொதியோடு நின்றவளிடம் சிவமலர் எல்லாருக்கும் கேட்கும்படி தொகையைச் சொன்னாள். லவினியா பொதியை மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் போனாள். அடுத்த கிழமை காசு வந்தது. சிவமலர் அதை ஒரு வெற்றியாகவே எடுத்துக்கொண்டாள்.

தம்பித்துரை அண்ணையும் அவளிடம் வைத்திருந்தார். எழுபதைத் தாண்டியவர், குடும்பம் இல்லாதவர். ஓய்வூதியம் போதாமல் அதற்கு மேல் சோசியல் அலுவலகம் தரும் உதவியில் இருந்தார். உணவகம் ஒன்றில் வெங்காயம் உரித்துக் கிடைத்ததை மாதாமாதம் கொண்டு வந்து கொடுத்தார். முகாமில் அவரோடு ஒரே அறையில் இருந்த நண்பர் இறந்தபோது கேட்க ஆளில்லாமல் நகரசபை எரித்து, பெயரில்லாத புல்தரையில் சாம்பலைப் புதைத்தது. அதைக் கண்ட பிறகு அவருக்கு ஒரே எண்ணம்: தன் சாவுச் செலவைத் தானே வைத்துவிட்டுப் போக வேண்டும். ஐயர் வர வேண்டும், பத்திரிகையில் படம் வர வேண்டும், வந்தவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும். ஒருமுறை, காசு முழுவதையும் தாருங்கள் என்று கேட்டு வந்தார். சிவமலர்தான் தடுத்தாள். "எங்கை கொண்டுபோய் வைக்கப்போறியள் அண்ணை? பாங்கிலை போட்டால் சோசியல் பிடிக்கும். என்னட்டைக் கிடக்கட்டும்." அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அப்போது பன்னிரண்டாயிரம் யூரோ. பிறகு பதினெட்டாயிரத்து நானூறு ஆயிற்று.

எல்லாவற்றையும் அவள் கொப்பியில் எழுதி வைத்தாள். முழுப்பெயர் மட்டும் எழுதமாட்டாள். எப்போதாவது எவர் கையிலாவது அகப்பட்டால் ஒருவருக்கும் கரைச்சல் வரக்கூடாது என்று முதலெழுத்துகள் மட்டும். த.து., ல.வி., க.லி.

க.லி. என்றால் கனகலிங்கம். மரக்கறிக் கடைக்காரன். பீலெஃபெல்டில் இரண்டாவது கடை திறக்க எண்பத்தையாயிரம் கேட்டான். அவ்வளவு பெரிய தொகையை அவள் ஒருவருக்கும் கொடுத்ததில்லை. அவன் கடைக்கே போய், கொப்பியை விரித்து, இன்னின்னாரின் காசு இது, பிந்தக்கூடாது என்று காட்டிக் கொடுத்தாள். அவன் கொப்பியின் ஓரத்தில் சின்னதாக ஒரு கோடு இழுத்தான். அதுதான் கையெழுத்து. இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டினான். பிறகு கட்டவில்லை. அவள் கடைக்குப் போய் இரண்டு தடவை கேட்டாள். மூன்றாம் தடவை, மண்டபத்தில் வைத்துக் கேட்பேன் என்று சொன்னாள்.

அதற்குப் பிறகு ஐந்தாம் வாரம், இரண்டாயிரத்து இருபத்திரண்டு பெப்ரவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு மணி அடித்தது. வாசலில் இரண்டு பொலிஸ், நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் அரச அலுவலகத்தில் இருந்து ஒரு ஆணும் ஒரு பெண்ணும். நீதிபதி கையெழுத்திட்ட தாளை அந்தப் பெண் நீட்டினாள். வீட்டைச் சோதிக்க அனுமதி.

சப்பாத்தைக் கழற்றச் சொல்லிச் சிவமலர் கை காட்டினாள். அவர்கள் மறுக்காமல் நீலப் பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்கள். குரல் உயர்த்தவில்லை, ஒன்றையும் உடைக்கவில்லை. சாமி அறையைத் திறக்கும்போது அந்த ஆண் மன்னிப்புக் கேட்டான். பத்தொன்பது கொப்பிகளை எடுத்தார்கள். சோறு அவிக்கும் மின்பானையின் பெட்டிக்குள் இருந்த முப்பத்தோராயிரத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்து இரண்டு தடவை எண்ணி, பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். சிவமலர் பழக்கத்தில் "டாங்க" என்று நன்றி சொன்னாள். 

கடிதம் மறுகிழமை வந்தது. ஆரணி வாசித்தாள். இன்றே நிறுத்து. வாங்கிய காசு முழுவதையும் திருப்பிக் கொடு. அதை நீ செய்ய முடியாது. அலுவலகம் நியமிக்கும் வழக்கறிஞர் செய்வார். காசு தந்தவர்களின் முழுப்பெயர், விலாசம், தொகை அடங்கிய பட்டியலைப் பதினான்கு நாளுக்குள் கொடு. தவறினால் பத்தாயிரம் யூரோ தண்டம், மறுபடி தவறினால் மறுபடியும்.

வங்கிக் கணக்கும் முடங்கியது. சம்பளம் வந்து விழும் அதே கணக்கு. அந்த மாதம் வீட்டு வாடகையை மகள் கட்டினாள். தாயின் பக்கம் வாதாட அமர்த்திய வழக்கறிஞர் லோமானுக்கும் மகளே கட்டினாள். லோமான் நல்ல மனிதன், பொய் நம்பிக்கை கொடுக்கவில்லை. "உங்களை நிறுத்த அவர்கள் நீதிமன்றம் போகத் தேவையில்லை, கடிதம் எழுதினாலே போதும். நீதிமன்றம் போக வேண்டியது நாங்கள்தான். நாங்கள் போய்வரும் காலம் முழுவதும் கடிதம் செல்லுபடியாகும்" என்றார். அவசர மனுப் போட்டார். ஆறு கிழமையில் அது தள்ளுபடியாகி, முழு வழக்கு மட்டும் மிஞ்சியது.

சிவமலர் கனகலிங்கத்தின் கடைக்குப் போனாள். பின்னேரம், ஆட்கள் நிறைந்த நேரம். அவன் கல்லாவில் நின்றான்.

"தம்பி, என்ரை நிலைமை உமக்குத் தெரியும்தானே. அந்தக் காசைத் தாரும். சனத்துக்குக் குடுக்க வேணும்."

"எந்தக் காசு அக்கா?"

அவள் அவனுடைய முகத்தைப் பார்த்தாள். அவன் கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தான்.

"கொப்பியிலை உம்மடை எழுத்து இருக்கு."

"க.லி. எண்டால் நான்தானோ? உலகத்திலை எத்தினை லிங்கம்." குரலைத் தாழ்த்தவும் இல்லை. "அதோடை, நீங்கள் செய்தது சட்டவிரோதம் எண்டு அரசாங்கமே சொல்லிப்போட்டுது. அந்தக் காசிலை கை வைச்சால் நானும் அம்பிடுவன். எனக்குப் பிள்ளையள் இருக்கு அக்கா."

 கனகலிங்கம் ஒரு பையில் முருங்கைக்காயும் வெண்டிக்காயும் போட்டு அவள் பக்கம் தள்ளினான். "கொண்டுபோங்கோ. காசு வேண்டாம். கஷ்டப்படுறியள்."

அவள் பையை எடுக்கவில்லை. வெளியே வந்த பிறகு, கண்ணாடிக்கு உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. தன்னைப் பற்றித்தானா என்று தெரியவில்லை. தன்னைப் பற்றித்தான் என்று எடுத்துக்கொண்டாள்.

லோமான் கண்காணிப்பு அலுவலகக் கோப்பின் பிரதியை எடுத்துக் காட்டியபோது, காட்டிக் கொடுத்தது யார் என்ற சந்தேகமும் போயிற்று. முறைப்பாடு செய்தவர் பெயர் கறுப்பால் மறைக்கப்பட்டிருந்தது. ஆனால் அதோடு அனுப்பப்பட்ட படம் மறைக்கப்படவில்லை: அவளுடைய கொப்பியின் ஒரு பக்கம், அதன் ஓரத்தில் மரக்கறி நிறுக்கும் தராசு. எண்பத்தையாயிரத்தைக் கொடுத்த அன்று விரித்துக் காட்டிய அதே பக்கம். அவள் கவலையோடு பெயர்களை வாசித்துக்கொண்டிருக்க அவன் கைபேசியில் எடுத்திருக்கிறான். கடனை அடைக்க அவன் கண்ட வழி அது. ஒரு சதமும் செலவில்லை.

"இதை வைத்து அவனைப் பிடிக்க முடியாதா?" என்று ஆரணி டொச் மொழியில் கேட்டாள்.

"முறைப்பாடு செய்வது குற்றமில்லை. கடன் வாங்கினார் என்பதற்கு ஒரு கோடுதான் இருக்கிறது" என்றார் லோமான்.

அதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. மருத்துவமனையில் இருந்து வந்தால் மாடிப்படியில் ஆட்கள் நிற்பார்கள். கதிரை இழுத்து விட்டவர்கள்தான். "அக்கா, என்ரை காசை மட்டும் தந்திடுங்கோ, மற்றவைக்குச் சொல்லமாட்டன்" என்று காதுக்குள் சொன்னவர்கள் பாதி, மீதிப்பேர் கத்தினார்கள். எவருக்கும் கொடுக்கக்கூடாது, கொடுத்தால் தண்டம், எல்லாருக்கும் சரிசமமாக வழக்கறிஞர் கொடுப்பார் என்று அவள் சொல்லச் சொல்ல, அது புது ஏமாற்று என்றார்கள். ஒருநாள் லவினியா வந்தாள். சத்தம் போடவில்லை. சீட்டு எடுத்துச் சிவமலரிடம் வைத்திருந்த தன் தொகையைச் சொன்னாள். "ஏழாயிரத்து இருநூறு." ஒரு படி இறங்கி நின்று மறுபடி சொன்னாள். ஒவ்வொரு மாடியிலும் நின்று, எல்லாக் கதவுக்கும் கேட்கும்படி, தரைத்தளம் வரைக்கும் சொல்லிக்கொண்டே இறங்கினாள்.

தம்பித்துரை அண்ணை ஞாயிறு மத்தியானம் வந்தார். அவர் காசைக் கேட்கவில்லை.

"பிள்ளை, அந்தப் பட்டியலிலை என்ரை பேரை மட்டும் விட்டிடு."

"விட்டால் உங்களுக்கு ஒரு சதமும் வராது அண்ணை."

"வராட்டிப் பரவாயில்லை. நீ நல்லா வந்தாப்பிறகு கையிலை தா. சோசியலுக்குத் தெரிஞ்சால் என்னை அறுத்துப்போடுவாங்கள்."

"ஓம் அண்ணை, விடுறன்" என்றாள். சொல்லும்போது உண்மையாகவே சொன்னாள்.

காசைப் பங்கிட நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் ஒரு பெண், டீக்மான் என்று பெயர். டோர்ட்முண்டில் அலுவலகம். கொப்பிகளின் பிரதிகளை மேசையில் அடுக்கி, ஒவ்வொரு வரியாகக் கேட்டாள். இந்த எழுத்து யார்? விலாசம் என்ன? சிவமலர் சொல்லச் சொல்ல அவள் தட்டச்சு செய்தாள். நாற்பத்து மூன்று பேர். த.து. வந்ததும் சிவமலர் நினைவில்லை என்றாள்.

டீக்மான் கண்ணாடியைக் கழற்றினாள். "மற்ற நாற்பத்திரண்டு பேரின் வீட்டு இலக்கம்கூட நினைவிருக்கிறது. பதினெட்டாயிரம் தந்தவரை மறந்துவிட்டீர்களா?" கோபம் இல்லாமல், பத்தாயிரம் யூரோ தண்டம் பற்றிய வரியை விரலால் தொட்டுக் காட்டினாள். பிறகு சொன்னாள்: "பெயர் இல்லாவிட்டால் அந்தக் காசு மற்றவர்களுக்குப் பிரிந்து போகும். அவருக்கு நல்லது செய்கிறீர்களா, கெட்டது செய்கிறீர்களா, யோசியுங்கள்."

சிவமலர் யோசித்தாள். அண்ணையைப் பற்றி யோசித்ததாகப் பிறகு மகளிடம் சொன்னாள். ஆனால் அந்த நேரத்தில் அவள் மனதில் ஓடியது பத்தாயிரம்தான். தட்டுக் கழுவி அதைக் கட்ட எத்தனை மாதம் என்றுதான் ஓடியது. தம்பித்துரையின் முழுப்பெயரையும் விலாசத்தையும் சொன்னாள். எழுத்துக்கூட்டியும் கொடுத்தாள்.

நீதிமன்ற விசாரணை அடுத்த வருடம் செப்டம்பரில், பிராங்பேர்ட்டில். சமையலறை டொச் அங்கே போதாது என்று லோமான் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டிருந்தார். வந்தவள் லக்ஷ்மிப்ரியா, சென்னைக்காரி. "டென்ஷன் ஆகாதீங்க மேடம், நிதானமா சொல்லுங்க, நான் அப்படியே சொல்றேன்" என்றாள்.

நீதிபதி ஐம்பது வயதுப் பெண். முகத்தில் கடுமை இல்லை. ஒரே ஒரு கேள்வி நேரடியாகச் சிவமலரிடம் கேட்டாள்: "இந்த மக்கள் தங்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டால் எப்போது கொடுப்பீர்கள்?"

ஒன்றரை வருடமாகத் திருடி என்று கேட்டுக் கேட்டுப் புண்பட்டவளுக்கு முதன்முறையாகச் சரியான கேள்வி வந்திருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தாள். லோமான் மேசைக்குக் கீழே அவளுடைய முழங்கையைத் தொட்டார். அவள் கவனிக்கவில்லை.

"கேட்ட அண்டைக்கே குடுப்பன். என்ன சாட்டும் சொல்லமாட்டன். எனக்கு வந்ததோ வரேல்லையோ, அவையின்ரை காசு அவைக்கு. இருபது வருசத்திலை ஒருத்தரையும் ஒருநாள் காக்க வைச்சதில்லை, அம்மா."

லக்ஷ்மிப்ரியா லோமானை ஒருமுறை பார்த்தாள். பிறகு ஒரு சொல் விடாமல் டொச்சில் சொன்னாள். நீதிபதி தலையை ஆட்டி, அதைப் பதிவுக் கருவிக்குள் மெதுவாக, முற்றுப்புள்ளி உட்பட, சொல்லி முடித்தாள். கண்காணிப்பு அலுவலகத்தின் ஆள் பேனையை மூடினான்.

நடைபாதையில் லோமான் விளக்கினார். நிபந்தனை இல்லாமல், கேட்டவுடன் திருப்பிக் கொடுப்பேன் என்று மற்றவர்களின் காசை வாங்குவதற்குத்தான் சட்டத்தில் வைப்பு என்று பெயர். அதற்குத்தான் அனுமதி வேண்டும். லாபம் வந்தால் தருவேன், வராவிட்டால் இல்லை என்று சொல்லியிருந்தால் வாதாட ஒரு ஓட்டை இருந்தது.

"அப்ப நான் பொய் சொல்லியிருக்க வேணுமோ?" என்று கேட்டாள் சிவமலர்.

லக்ஷ்மிப்ரியா அதையும் மொழிபெயர்த்தாள். லோமான் பையை மூடினார். சென்னைக்காரி வாய்க்குள் சொன்னாள்: "நான் மாத்திச் சொல்ல முடியாதுங்க மேடம். சத்தியம் பண்ணியிருக்கேன்."

"நீங்கள் சரியாத்தான் சொன்னனீங்கள் பிள்ளை."

தீர்ப்பு அன்று பின்னேரமே வந்தது. அலுவலகத்தின் கட்டளை சரியானது. அவள் நேர்மையானவள் என்பதை நீதிமன்றம் நம்புகிறது, அது இந்த வழக்குக்கு முக்கியமில்லை என்று தீர்ப்பிலேயே ஒரு வரி இருந்தது. ஆரணி அந்த வரியை வாசிக்காமல் தாண்டப் பார்த்தாள். தாய் விடவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் கடிதத்தில் நடந்தது. அனுமதியில்லாமல் வங்கித் தொழில் செய்ததற்குத் தனித் தண்டனைப் பணம். டீக்மானின் கட்டணம் மொத்தக் காசில் முதலில் கழிந்தது. சின்னச் சின்னக் கடன்காரர்களில் பலர் கட்டினார்கள். கனகலிங்கம் மறுத்தான், ஒரு கோட்டை வைத்து அவன்மேல் வழக்குப் போடுவது செலவுக்குக் காணாது என்று டீக்மான் விட்டுவிட்டாள். ஒரு யூரோவுக்கு ஐம்பத்தெட்டுச் சதம் எல்லார் கணக்குக்கும் போயிற்று. மீதிக்காகச் சிவமலரின் சம்பளத்தில் சட்டம் அனுமதித்த எல்லைக்கு மேல் இருப்பது மாதாமாதம் பிடிபடுகிறது. அவளுக்கு மிஞ்சுவதும் தம்பித்துரை போன்றவர்களுக்கு அரச உதவியோடு கிடைப்பதும் ஏறத்தாழ ஒன்றுதான்.

தம்பித்துரையின் கணக்கில் பத்தாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் விழுந்தது. அடுத்த பரிசீலனையில் வங்கிக் கணக்கின் தாளைக் கேட்ட சோசியல் அலுவலகம் அதைக் கண்டது. எங்கிருந்து வந்தது என்று கேட்டது. டீக்மானின் தாளில் முழு விவரமும் இருந்தது, வருடம் வருடமாக.

அலுவலகக் கடிதம் இரண்டாயிரத்து இருபத்துநான்கு நவம்பரில் வந்தது. அவருக்கு டொச் வாசிக்க வராது. முதலில் கனகலிங்கத்தின் கடைக்குக் கொண்டுபோனார். அங்கே நின்ற யாரோ, "மலரக்காவிட்டைக் குடுங்கோ, அவதானே உங்களை எழுதிக் குடுத்தவ" என்று அனுப்பிவிட்டார்கள். வேறு ஆள் இல்லாததால் அவர் வந்தார். இரண்டரை வருடத்துக்குப் பிறகு.

அவர் உட்காரவில்லை. வாசலுக்கு உள்ளே, மேலங்கியைக் கழற்றாமல் நின்று, உறையை நீட்டினார். சிவமலர் வாசித்து, வரிவரியாகத் தமிழில் சொன்னாள். சொத்தை மறைத்து உதவி பெற்றிருக்கிறீர்கள். முன்பு இருந்த சேமிப்பு எல்லை ஐயாயிரம். அதற்கு மேல் இருந்ததற்காகப் பதின்மூவாயிரத்து நானூறு திருப்பிக் கட்ட வேண்டும். பொய்த் தகவல் கொடுத்ததற்கான விசாரணை வேறாக வரும்.

"எனக்கு வந்ததே பத்து."

"ஓம் அண்ணை."

"அப்ப, வந்ததையும் குடுத்து, மேலையும் குடுக்க வேணும்."

"ஓம்."

"நான் செத்தால் ஆர் எரிக்கிறது எண்டு அதிலை போட்டிருக்கோ?"

அவள் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். "இல்லை அண்ணை." பிறகு, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றாள்.  அவர், கடிதத்துக்குப் பதில் எழுதித் தரும்படி சொன்னார். இருப்பதைக் கட்டி, மீதியை மாதம் ஐம்பது ஐம்பதாகக் கட்ட அனுமதி கேட்டு அவள் எழுதினாள். கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினாள். அவர் சுவரில் தாளை வைத்துப் போட்டார்.

அவள் உறையை ஒட்டித் தபால் முத்திரையும் ஒட்டினாள். அவர் சட்டைப்பையைத் துழாவி எண்பத்தைந்து சதத்தைச் சப்பாத்து அடுக்கும் தட்டின்மேல் ஒவ்வொன்றாக வைத்தார்.

"வேண்டாம் அண்ணை."

"எடு."

தேத்தண்ணி போடட்டுமா என்று கேட்க அவள் வாய் திறந்தபோது அவர் படியில் இறங்கிக்கொண்டிருந்தார்.

இப்போதும் கடிதம் வந்தால் அவர் வருகிறார். மாதத்துக்கு ஒன்று, சில மாதம் இரண்டு. வாசலுக்கு உள்ளே நின்று கேட்பார், கையெழுத்துப் போடுவார், முத்திரைக் காசை வைப்பார். அவளைப் பிள்ளை என்று கூப்பிடுவதில்லை. வேறு எப்படியும் கூப்பிடுவதில்லை.